பச்சைக்குச் சொந்தக்காரர்

பச்சை நிறத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய அலுவலகம் போனது பச்சோந்தி. வெட்டுக்கிளி அதே பச்சையில் கடை போட்டு வாடிக்கையாளர்களை இழுப்பது அதற்குப் பொறுக்கவில்லை.

"பரம்பரை நிறம் சார். இனி வேற எவனும் இதைத் தொடக் கூடாது" என்று மேஜைமேல் ஏறி நின்றது.

அதிகாரி ஆமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது. "பச்சை எங்கய்யா?"

பச்சோந்தி குனிந்து தன்னைப் பார்த்தது. மர மேஜைமேல் நின்றதில் உடம்பெல்லாம் பழுப்பாகியிருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே ஓடி, ஒரு தேக்கிலையைக் கையோடு கூட்டி வந்து அதன்மேல் உட்கார்ந்தது. மெல்லப் பச்சை ஏறியது. "இப்பப் பாருங்க."

ஆமை நன்றாகப் பார்த்தது. விண்ணப்பத்தில் பச்சோந்தியின் பெயரை அடித்துவிட்டு, இலை பக்கம் திரும்பியது.

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா."