மூடாத பக்கம்

மிளகாய்ச் செடிகள் இந்நேரம் வாடியிருக்க வேண்டும். வாடவில்லை.

எங்கள் வயலில் பாதிக்கு வைக்கோல் பரப்பி மூடாக்குப் போட்டிருந்தோம். மீதிப் பாதி வெறும் மண். இரண்டுக்கும் தண்ணீர் விடாதீர்கள், மழை ஏமாற்றினால் எது தாங்குகிறது என்று ஊரே பார்க்கட்டும் என்று விவசாயப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லியிருந்தாள்.

இன்று ஊரே வரப்பில் நிற்கிறது. செடிகளும் இரண்டு பக்கமும் ஜம்மென்று நிற்கின்றன.

"இதுக்குத்தானா இத்தனை அலப்பறை?" என்றார் பக்கத்து வயல்காரர். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவருக்குக் குறுக்குக்கேள்வி என்றே பெயர்.

நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று.

ஊரில் இன்னும் சில வயல்கள் இந்த மூடாக்குத் திட்டத்தில் சேர்ந்தால் சரக்கு கூடி வியாபாரியின் லாரி நேரே இங்கே வரும், நல்ல விலையும் கிடைக்கும். என் வீட்டுக்காரர் கோடை வந்தால் கட்டட வேலைக்கு வெளியூர் போய்க் கிடக்க வேண்டாம். பையில் துணி அடுக்கி ஆணியில் மாட்டியாயிற்று. இன்றைக்கு யாரும் சேரவில்லை என்றால் நாளைக்குக் கிளம்பிவிடுவார்.

குறுக்குக்கேள்வி குனிந்து வெறும் மண்ணைக் கிளறினார்.

"யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்கப்பா!"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

விடியும் முன்பே எழுந்து டீக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்புகிற மனுஷன். அங்கே டீயில் தேனா கலக்கிறான் என்று தினமும் கத்தியிருக்கிறேன்.

"ஏங்க, வெளியூர் போறதுக்காகத்தான் இதக் கெடுத்தீங்களா? வீட்டுல இருக்கப் பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!"

அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த கையைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கிணற்றில் தண்ணீர் அடியாழத்துக்குப் போய்விட்டது. கயிறு போட்டுத்தான் இறைக்க வேண்டும்.

"செடிங்க தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க. விட்டுட்டு எப்படி வர்றது?" என்றார் மெதுவாக.

குறுக்குக்கேள்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வைக்கோல் பக்கம் கை காட்டினார்.

"அதுக்கு எத்தனை குடம்?"

"அதுக்கு எதுக்கு? அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு."

குறுக்குக்கேள்வி போய் வைக்கோலை விலக்கி மண்ணில் விரலை விட்டார். நகக்கண்ணில் ஈரமண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், என் வீட்டுக்காரரின் கையை இன்னொரு தரம் பார்த்தார். முதல் தடவையாக அவரிடம் கேள்வி இல்லை.

"என் பேரையும் சேத்துக்கம்மா."

அவரே சேர்ந்துவிட்டால் அப்புறம் ஊரில் யார் மறுக்கப் போகிறார்கள்? அந்தப் பெண் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் கையில் எண்ணெய் தடவினேன். திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. இப்படி ஒரு மனுஷனையா வெயிலில் செங்கல் தூக்க அனுப்பிக்கொண்டிருந்தேன்!

எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து, துணியையெல்லாம் பாயில் கொட்டினேன்.

"என்ன பண்றே?" என்றார் பதறிப்போய்.

"மீதிப் பாதிக்கும் வைக்கோல் போடணும்ல? அள்ளிட்டுப் போக ஒரு பை வேணாமா?"