பதினோரு தையல்

செத்த எலியை வாலைப் பிடித்துக் கொண்டுவந்து போடுவதுபோல், மாமனார் அந்தப் பர்ஸை மேஜைமேல் வைத்தார்.

“தையல் விட்டுடுச்சு.”

நாலு வருஷத்தில் அவர் மருமகனிடம் நேராகச் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகள் இவைதான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஏசி நாற்காலியை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தோலில் பெல்ட்டும் பையும் தைக்கப்போகிறேன் என்று அவன் அறிவித்த அன்று மூடிய வாய். ஒரே சோபாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், “ஃபேனைக் குறைக்கலாமான்னு கேளும்மா” என்று மகள் வழியாகத்தான் போக்குவரத்து. சொந்தக்காரர்களிடம், மருமகன் லெதர் டெக்னாலஜியில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

இன்று மகள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார். மொழிபெயர்க்க ஆளில்லை.

“எங்க வாங்கினீங்க மாமா?”

“ஏதோ ஒரு கடையில. உள்ள அச்சடிச்சிருக்கிற பேரையெல்லாம் யாரு பார்த்தா.”

பேரைப் பற்றி அவன் கேட்கவேயில்லை.

பர்ஸைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அவன் இடதுகைக்காரன். ஊரில் எல்லோருடைய தையலும் ஒரு பக்கம் சாய்ந்தால், அவனுடையது எதிர்ப் பக்கம் சாயும். தன் கையெழுத்தைத் தானே மறுக்க முடியாது. அவன் சரக்கை எடுத்து விற்கும் ஒரே ஒரு கடைக்கு மாமனார் தேடிப் போயிருக்கிறார். வாங்கியிருக்கிறார். வாங்கி அலமாரியில் போடவும் இல்லை. பின் பாக்கெட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, பர்ஸ் அவருடைய வளைவுக்கே வளைந்திருந்தது. இரண்டு வருஷமாவது இருக்கும்.

சந்தோஷப்பட்டிருக்கலாம். தையல் விட்டிருக்கிறதே.

இந்தத் தொழிலில் முதலாளி அவன், தொழிலாளி அவன். வேலைநிறுத்தம் வந்தால் பேச்சுவார்த்தைக்கு மேஜையின் இரண்டு பக்கமும் அவனே உட்கார வேண்டும். பெருமை என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று: தையல் விட்டதென்று இதுவரை ஒரு சாமான்கூடத் திரும்பி வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடும்போது, சிலர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, உங்க இன்ஸ்பிரேஷன் என்ன என்று கேட்பார்கள். மரப்பட்டை, மழையில் நனைந்த ரோடு என்று அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புவான். உண்மை என்னவென்றால், ஒவ்வொரு தையலையும் இறுக்கும்போது, மாமனார் அதை நகத்தால் நெம்பிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வான். உடனே இன்னொரு இழுப்பு கூடிவிடும். இதைச் சந்தையில் சொன்னால் பை விற்காது.

அப்படி இழுத்து இறுக்கிய தையல்தான் விட்டிருக்கிறது, அதுவும் அவர் கையில். தானாக விட்டிருந்தால், அந்த நாலு வருஷ மௌனமும் நியாயம் என்றாகிவிடும்.

விளக்கைக் கிட்டே இழுத்தான். பூதக்கண்ணாடியை எடுத்தான்.

மாமனார் சுவரில் தொங்கிய தோல்களையும், வரிசையாக மாட்டியிருந்த பைகளையும் பார்க்காததுபோல் பார்த்தார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

“நல்லா பாருங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.”

பத்து மணி ரயிலுக்கு எட்டு மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்கிற மனிதர் இதைச் சொன்னார்.

அவன் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான்.

தேய்ந்து அறுந்த நூலுக்கு நுனியில் மீசை முளைத்திருக்கும். பிசிறு பிசிறாக, நாலு பக்கமும். இந்த நூல்களில் ஒன்றுக்குக்கூட மீசை இல்லை. எல்லாம் மழுமழுவென்று, இன்று காலையில்தான் சவரம் செய்ததுபோல் இருந்தன.

மெஷினில் தைத்தது என்றால் ஓரிடத்தில் வெட்டிவிட்டு இழுத்தால் போதும், மொத்தமும் கழன்று வரும். கையால் தைத்ததில் ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஊசி போய் வந்திருக்கும். ஒன்றை வெட்டினால் பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்ளும். பாவம், மனிதருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. முதல் தையலை வெட்டி இழுத்துப் பார்த்திருப்பார். வரவில்லை. இரண்டாவதை வெட்டியிருப்பார். அதுவும் வரவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, தைத்தவனைத் திட்டிக்கொண்டே, தோலில் ஒரு கீறல்கூட விழாமல், பதினோரு தையலையும் பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி முடித்திருக்கிறார்.

அவன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டான்.

“ஆமா மாமா. நூல் சரியில்ல. தச்சவன் மேலதான் தப்பு.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்.”

பதினோரு தையல் போட அவனுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

“சாயங்காலம் ஆயிடும்,” என்றான். “பரவாயில்லையா?”

மாமனார் ஸ்டூலில் கிடந்த தோல் துண்டுகளை எடுத்துப் பக்குவமாக ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவன் நூலுக்கு மெழுகு தேய்ப்பதையும், இரண்டு ஊசியில் கோப்பதையும் இந்த முறை நேராகவே பார்த்தார்.

பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

“இந்த பெல்ட்டும் அடுத்த வாரம் விட்டுடும் போலிருக்கு மாப்பிள்ளை.”