கிரைண்டர் ஓடும் நேரம்

ஃபேன் முதல் ஃப்ரிட்ஜ் வரை ஒட்டுக்கேட்டு, வீட்டுப் பேச்சை மோசடிக்காரர்களுக்கு விற்கிற காலம். அதனால் வசுமதியும் மகள் நிரஞ்சனாவும் வாரம் ஒரு ரகசிய வார்த்தையை, கிரைண்டரில் மாவு அரைக்கும் இரைச்சலில்தான் பேசி வைத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை போனில் மகளின் முகமே அழுதது.

"ஆக்சிடென்ட்மா! பேங்க் பாஸ்வேர்டைச் சொல்லும்மா!"

"இந்த வார வார்த்தை என்னடி?"

அழுகை சட்டென்று நின்றது.

"போய் வேற வீட்டைப் பாரு" என்று வசுமதி போனை வைத்தாள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த நிரஞ்சனா, நேரே போய்க் காலி கிரைண்டரின் சுவிட்சைப் போட்டாள். கல்லோடு கல் கடகடத்தது.

"மாவில்லாம ஓட்டாதேடி, கல்லு தேஞ்சிடும்!"

"தேயட்டும். கிட்ட வாம்மா, நான் கட்டிக்கப்போறவர் பேரைச் சொல்றேன்."