தொட்ட பூ

விடிந்ததும் பூசணிக் காட்டில் இறங்கிய பாவாத்தாள், ஆண்பூக்களைக் கிள்ளிப் பெண்பூக்களில் தேய்த்துக்கொண்டே போனாள். இன்னும் நாலு பாத்திக்கு ஆசைப்பட்டு வேலிச் செடிகளையும் வண்டு குடைந்து குடியிருந்த பட்டமரத்தையும் எரித்த வருஷத்தோடு வண்டு வரத்து நின்றுபோனது. பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது.

"நேத்து மருந்தடிச்சதுல ஒரு பூச்சி மிச்சமில்ல. நீ தொட்ட பூத்தான் காய்க்கும், பாத்துக்க," என்றான் வரப்பில் நின்ற புருஷன் நாச்சிமுத்து.

அடுத்த ஆண்பூ கையில் கனத்தது. இதழைப் பிரித்தாள். எங்கிருந்தோ இரவு தங்க வந்த கருவண்டு ஒன்று, கால்களை மடக்கிச் செத்துக் கிடந்தது. முதுகெல்லாம் மஞ்சள் பொடி.

"என்ன நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லீங்க."

இறக்கையைப் பிடித்து வண்டைத் தூக்கியவள், அதன் முதுகைப் பக்கத்துப் பெண்பூவில் மெல்லத் தேய்த்தாள்.