பொட்டு வைத்த டிஸ்க்

மூடி கழற்றிய கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்த நம்பிராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு!

"ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரமாச்சு, இன்னும் அழியலையே! யேசுராஜு, உன் கையாலயா வச்சே? இதுதாம்டே நம்ம கம்பெனி!"

சிஸ்டம்ஸ் பார்க்கும் யேசுராஜ், "சார், அது வந்து..." என்று இழுத்தான்.

"வெக்கப்படாதடே. சோதனைய ஆரம்பி."

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு நம்பிராஜன்தான் பிளான்ட் மேனேஜர். மறுநாள் கஸ்டமர் ஆடிட். டிஸ்க் படுக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் சாஃப்ட்வேர் கட்டாயம் வேண்டும் என்று போன தடவையே எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். தேறினால் அவர் ஜி.எம். தேறாவிட்டால் பென்னலூர் குடோனுக்கு இன்சார்ஜ்.

சுவரில் அவருடைய பொன்மொழி ஃப்ரேமுக்குள் தொங்கியது: 'எந்தக் கருவியையும் நம்புமுன் ரிஜெக்ட் ஆன பீஸைக் கொடுத்துப் பார். அதையும் நல்லது என்று சொன்னால் கருவியைத் தூக்கி எறி.' கீழே கையெழுத்து, இரண்டு மொழிகளில்.

சோதித்துப் பார்க்க வந்திருந்த மூன்றில் முதல் சாஃப்ட்வேர் ஓடியது. திரை சிவந்தது: 'டிஸ்க்கை உடனே மாற்றவும்.'

"என் பிளான்ட்ல சிவப்பா? தூக்கு அதை!"

இரண்டாவதும் சிவப்பு.

"ரெண்டுமே டுபாக்கூர் சார்," என்றார் குவாலிட்டி சூப்பர்வைசர் ரத்தினம். எதையும் மேனேஜர் முகத்தை வைத்தே அளப்பவர்.

மூன்றாவது பச்சை. நூற்றுக்கு நூறு. ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு மலர்ந்தது.

"இது சாஃப்ட்வேர்!" நம்பிராஜன் எழுந்தே நின்றுவிட்டார். "வல்லக்கோட்டை முருகனே பச்சைக்கொடி காட்டிட்டான். எல்லா கம்ப்யூட்டர்லயும் இதையே போடு, ஓடு!"

"சார், இந்த டிஸ்க்கு..."

"பேசாம போடே!"

யேசுராஜ் போய்த் திரும்புவதற்குள், ஆடிட் ஃபைல்கள் அத்தனையையும் தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்த டிஸ்க்குக்கு மாற்றி, பழைய இடத்தில் சுத்தமாக அழித்தும் முடித்திருந்தார் நம்பிராஜன்.

"சி.டி.ல ஒரு காப்பி எடுத்துக்கினா..." என்று இழுத்தார் ரத்தினம்.

"நூத்துக்கு நூறு வாங்கின பையனுக்கு டியூஷன் வைப்பீரா?"

கம்ப்யூட்டருக்குள் டக்... டக்... டக் என்று ஏதோ தட்டியது. திரை நீலமாகி, பிறகு கறுத்தது.

"கரண்ட்டு போயிட்டா?"

"இல்ல சார். டிஸ்க் போயிடுச்சு."

"பொட்டு வச்ச டிஸ்க்குடே! அது எப்படிப் போவும்?"

யேசுராஜ் சுவரில் தொங்கிய பொன்மொழியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அது குங்குமம் இல்ல சார். ரிஜெக்ட் பீஸுக்கு வைக்கிற பெயிண்ட்."