கை படாத மார்ஜரி

பிரவுன் ஷூ பாலிஷ் டப்பா வழித்தெடுத்தாற்போல் காலியாக இருந்தது. அந்த வீட்டில் பிரவுன் ஷூ போடுகிற ஒரே ஆள் ட்ரெவர்தான், அதுவும் கல்யாணம், கார் கண்காட்சி என்றால் மட்டும்.

"ஹேசல், கிறிஸ்துமஸுக்கு வாங்கின பாலிஷ் எங்க போச்சு?"

"காஞ்சு போயிருக்கும்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே.

பாலிஷ் காயும், சரி. காணாமல் போகுமா? பக்கத்து வீட்டு கிளிஃபோர்டும் பிரவுன் ஷூதான் போடுவார் என்பது ட்ரெவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியை இழந்தவர், ஆறடி உயரம், வேலி ஓரமாக ஹேசலோடு ஓயாத குசுகுசு. ட்ரெவரின் தலையைக் கண்டதும் இரண்டு பேரும் தக்காளிச் செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வியாழக்கிழமை நடந்தது இன்னும் மோசம். கிளப்பிலிருந்து திரும்பி வந்து மார்ஜரியில் ஏறி உட்கார்ந்தால், பெடல் காலுக்கு எட்டவில்லை. யாரோ நெட்டைக்கால்காரர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். பின் சக்கரத்தின் பக்கத்தில் மூன்று சொட்டு பிரேக் ஆயில் வேறு.

மார்ஜரி அவருடைய கார். அறுபத்திரண்டில் பிறந்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கு 'கை படாத கார்' என்று ஒரு கோப்பை உண்டு. மே மாதக் கண்காட்சியில் நடுவர் புல்லில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, முன்பக்க பிரேக் குழாயைத் தடவித் தடவிப் பார்த்து, "அறுபது வருஷத்துத் துரு! என்ன அழகு!" என்று உருகிப்போய்க் கோப்பையைக் கொடுத்தார். மாமியாரின் படம் இருந்த இடத்தில் இப்போது அந்தக் கோப்பைதான் இருக்கிறது.

மார்ஜரியும் அதற்கேற்றபடி நடந்துகொண்டாள். முன்பெல்லாம் பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி தூரம் இறங்கும். இந்த வசந்தத்திலிருந்து மிதித்த இடத்தில் நிற்கிறது. வயசாக ஆக அவளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ட்ரெவர் கிளப்பில் பெருமையடித்துக்கொண்டார்.

வரும் ஞாயிறு பெரிய கண்காட்சி. சர்ச் குன்றின் செங்குத்து இறக்கத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"நீயும் வர்றியா, ஹேசல்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் சொல்றேன்."

நாற்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், இப்போது மட்டும் வியாழன் சாயங்காலம் சொல்கிறாளாம். வியாழக்கிழமைக்குள் என்ன நடக்கப்போகிறது? அன்று மதியம் அவர் கிளப்புக்கு பஸ்ஸில் போய்விடுவார் என்பது ஊருக்கே தெரியும். பீர் குடித்துவிட்டு மார்ஜரியை ஓட்டமாட்டார்.

அந்த வியாழனும் வந்தது. ட்ரெவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் மழையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு, பூனை மாதிரி வீட்டுக்குத் திரும்பினார்.

காரேஜ் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஹேசலின் குரல்.

"அமுக்கு... அப்படியே பிடிச்சுக்கோ... ம், இப்ப விடு."

அவை அவருடைய சொந்த வார்த்தைகள். காருக்கடியில் அவர் படுத்திருக்க, ஹேசல் பெடலை மிதிக்க, இத்தனை வருடமாக அவர் சொன்னவை. ஒவ்வொரு 'அமுக்கு'க்கும் குழாயிலிருந்து ஆயில் வெளியே வரும். அப்படியானால் இவர்கள் பிரேக்கைக் காலி செய்கிறார்கள்! ஞாயிற்றுக்கிழமை, சர்ச் குன்று, அவர் மட்டும் தனியாக. கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக வந்தது. அவளுக்காக அவர் எதையும் செய்திருப்பாரே.

கதவைத் தள்ளித் திறந்தார்.

ஓட்டுநர் சீட்டில் கிளிஃபோர்ட், முழங்கால் முகவாயைத் தொட. வண்டிக்கு அடியிலிருந்து ஹேசலின் செருப்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னைக் கொல்லப் பாக்குறீங்களா ரெண்டு பேரும்?"

"அடக் கடவுளே!" என்றார் கிளிஃபோர்ட்.

ஹேசல் மெதுவாக வெளியே நகர்ந்து வந்தாள். கன்னத்தில் ஆயில், தலையில் ட்ரெவரின் பழைய கம்பளிக் குல்லா. வாளியிலிருந்து துருப்பிடித்த குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வளைச்சுப் பாரு."

ட்ரெவர் வளைத்தார். பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

"மதியம் வரைக்கும் இதுதான் உன் பின் பிரேக் குழாய். மாத்து மாத்துன்னு குளிர்காலம் பூரா கெஞ்சினேன். பொறந்தப்போ வந்த குழாய், எவனும் தொடக்கூடாதுன்னு குதிச்ச. அதான் நாங்களே புதுசு போட்டுட்டோம். இப்ப அதுக்குள்ள இருக்கிற காத்தை வெளியேத்திட்டிருக்கோம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப சொல்றேன், ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

ட்ரெவர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனைவியைப் போய்ச் சந்தேகப்பட்டோம்! கண்ணைத் துடைத்துக்கொண்டவருக்குக் கோப்பை ஞாபகம் வந்தது.

"உசிரைக் காப்பாத்தினே ஹேசல், மறக்கமாட்டேன். ஆனா கை படாத காருன்னு இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது? முன்பக்கக் குழாயாவது தப்பிச்சுதே. அந்த நடுவர் உருகினாரே, அந்தத் துரு..."

கிளிஃபோர்ட் திடீரென்று தக்காளிச் செடியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

ஹேசல் குல்லாவைக் கழற்றினாள்.

"அது உன் ஷூ பாலிஷ், ட்ரெவர்."