நன்றி, நீங்க யாரு?

“கண்ணைக் கட்டிக்கினு, யாருன்னே தெரியாத ஆளுகிட்ட என் கதையைச் சொல்லணுமா? இன்னா மேடம் இது, பேஜாரா கீது!” என்றார் துளசிங்கம்.

சுஜி சிரித்தாள். ஐ.டி. வேலையை உதறிவிட்டு, செம்பாக்கத்தில் தன் அடுக்ககத்து ஹாலில் ஞாயிறுதோறும் ‘நான் யார்’ வகுப்பு நடத்துகிறவள்.

“கதை வேணாம் சார். எதிர்ல இருக்கிறவர் ‘நீங்க யாரு’ன்னு கேப்பார். மனசுல வர்றதைச் சொல்லுங்க. அவர் ‘நன்றி’ன்னு சொல்லிட்டு மறுபடி அதையே கேப்பார். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது, யார் பேரும் சொல்லக் கூடாது. அப்புறம் நீங்க அவரைக் கேளுங்க. ‘நான்’னு நாம ஒட்டி வெச்சிருக்கிறது ஒவ்வொண்ணா உதிரும். கடைசியில என்ன மிஞ்சுதுன்னு பாருங்க.”

துளசிங்கத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருக்கு யார் மேலும் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. கேம்ப் ரோட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். வருகிறேன் என்று சொன்னவர் கொஞ்சம் தாமதித்தால் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெருங்களத்தூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார்கள். “ஏமாத்துக்காரப் பசங்க!” என்று அவர்கள் முகத்திலேயே கதவைச் சாத்தினார். அன்றைக்கு அவர் மனைவி நாகலக்ஷ்மி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“உங்களுக்குள்ள ஒரு ஆளு குந்திக்கினு கீறான். அவனை எங்கனா விட்டுட்டு வாங்க. இல்லாட்டி நான் பொண்ணைக் கூட்டிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.”

அதனால்தான் மனிதர் இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது. வயதான ஆண் குரல்.

“நீங்க யாரு?”

“கடைக்காரன்.”

“நன்றி. நீங்க யாரு?”

“ஒரு பொண்ணுக்கு அப்பன்.”

“நன்றி. நீங்க யாரு?”

“இதே செம்பாக்கத்து ஏரியில குதிச்சு வளந்தவன். அப்ப இங்க ஏது சார் கட்டடம்? நாம குந்தினு இருக்கிற எடமே நெல்லு வெளைஞ்ச எடம்.”

“நன்றி. நீங்க யாரு?”

விளையாட்டாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணைக் கட்டினால் பழசெல்லாம் பளிச்சென்று தெரிகிறதே!

“சர்ச்சுல ஸ்டார் கட்டினவன். முடிச்சூர்ல. அப்ப எனக்கு இருபத்து நாலு வயசு. கிறிஸ்துமஸுக்கு சீரியல் லைட் போடப் போனேன். ஏணி ஆடுச்சு. ஒரு பொண்ணு ஓடியாந்து புடிச்சுக்கினு, ‘பயப்படாம ஏறுங்கண்ணா’ன்னுச்சு. ரெண்டு நாள் வேலையை ஒரு வாரம் இழுத்தேன் சார். கடைசி நாள் அந்த ‘அண்ணா’ காணாமப் போச்சு!”

சொல்லும்போதே துளசிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. மார்கழிப் பனியும், ஏணிக்கடியில் அவள் நீட்டிய கேக் துண்டின் வாசனையும் அப்படியே இருந்தன. அந்த ஒரு வாரம்போல் சந்தோஷமாக அவர் அப்புறம் இருந்ததே இல்லை.

“நன்றி. நீங்க யாரு?”

“ஏமாந்தவன். செங்கல்பட்டு போயி ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேச்சு. காலையில தாம்பரம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துடுன்னேன். அப்ப கையில போனா கீது? கிழக்கு வாசல்ல, வேளச்சேரி பஸ் நிக்கிற பக்கம், புதுச் சட்டை போட்டுக்கினு நின்னேன். சாயங்காலம் வரைக்கும் நின்னேன். தபீதா வரவே இல்ல.”

“பேர் வேண்டாம் சார்” என்று சுஜியின் குரல் மெல்ல நினைவூட்டியது.

எதிரிலிருந்து சத்தமே இல்லை. துளசிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. ஒருத்தன் நெஞ்சைத் திறந்து கொட்டுகிறான், இந்த ஆள் தூங்கிவிட்டார் போலிருக்கிறது!

“நன்றி” என்றது குரல், வெகுநேரம் கழித்து. “நீங்க... யாரு?”

“அதேதான் சார், ஏமாந்தவன். மறுநாளே பம்பாய்க்கு வேலைக்குப் போயிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு வந்தா, அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னாங்க. கடைக்காரன், அப்பன் எல்லாத்தையும் சட்டை மாதிரி கழட்டிடலாம். இது மட்டும் கழல மாட்டேங்குது. எதுக்கெடுத்தாலும் இவன்தான் முன்னாடி வந்து நிக்கிறான்.”

மணி அடித்தது. இப்போது கேட்பது துளசிங்கத்தின் முறை.

“நீங்க யாரு?”

“ரிட்டயர்டு வாத்தியார்.”

“நன்றி. நீங்க யாரு?”

“போன மாசம் மனைவியை அடக்கம் பண்ணிட்டு வந்தவன். அவ இல்லாம நான் யாருன்னே தெரியல. அதனாலதான் இங்க வந்தேன்.”

பாவமாக இருந்தது துளசிங்கத்துக்கு. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றால், வேறு வார்த்தை பேசக் கூடாதே.

“நன்றி. நீங்க யாரு?”

நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. கை ஒன்று துளசிங்கத்தின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“அன்னிக்கு அதே ஸ்டேஷனோட மேற்கு வாசல்ல, காலையிலேர்ந்து பெட்டியோட நின்னு அழுதுகிட்டிருந்த பொண்ணை, சாயங்காலம் வீட்ல கொண்டுபோய் விட்டவன் சார். முடிச்சூர்க்காரங்க எங்களுக்கு ஸ்டேஷன் வாசல்னா மேற்கு வாசல்தான்; நீங்க வரலைன்னுதான் என் தபீதா கடைசி வரைக்கும் நெனச்சிருந்தா.”